பெயரின் பொருளைத் தேடுவது எப்படி: அகராதி ஆறாவது படியில்தான்

ஒரு பெயருக்குப் பொருள் வேண்டுமென்றால் பலரும் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் அதைத் தட்டி, முதலில் வருவதை எடுத்துக்கொள்கிறார்கள். இப்படித் தேடித்தான் காந்திமதிக்குக் காந்தியும், ரமேஷுக்கு ராமனும், நதியாவுக்கு நதியும் ஒட்டிக்கொண்டன. மூன்றும் தவறு. எந்த எழுத்து, எந்த மொழி, யார் வழியாக வந்தது என்று பாராமல் பொருளுக்குத் தாவியதால் வந்த தவறு.

கீழே உள்ள படிகள் எந்த நாட்டுப் பெயருக்கும் பொருந்தும். வரிசையை மாற்ற வேண்டாம். ஒரு படியில் கிடைக்கும் விடை அடுத்த படிக்குத் தேவைப்படும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பெயருக்கு உரியவர் பிறந்த ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு, வீட்டு மொழி, சமயம், பெயர் வைத்தவர் யார், இதே பெயர் தாத்தா பாட்டிக்கு இருந்ததா, உடன்பிறந்தோர் பெயர்கள் என்ன. முன்னெழுத்துகள் இருந்தால் அவற்றின் விரிவு. குலதெய்வம், நேர்ச்சை, வேண்டுதல் ஏதாவது உண்டா என்பதும்.

இதில் ஊரும் ஆண்டும் தெரியாமல் தொடங்கவே கூடாது. நெல்லைச் சீமையில் காந்திமதி, சங்கரன்கோவில் பக்கம் கோமதி என்றால் அது அந்தந்த ஊர் அம்மன் பெயர். இசக்கி, சுடலை என்ற பெயர்கள் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்தைக் காட்டும். ஊர் தெரிந்தாலே சில பெயர்களில் பாதி வேலை முடிந்துவிடும்.

உடன்பிறந்தோர் பெயரைக் கேட்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. நைஜீரியாவின் யொரூபா மக்களில் தைவோ, கெஹிந்தே என்று இருவர் இருந்தால் அவர்கள் இரட்டையர்கள். முன்னால் வந்து உலகைச் சுவைத்துப் பார்த்தது தைவோ, பின்னால் வந்தது கெஹிந்தே. கொரியக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஓர் அசை பொதுவாக இருக்கும். ஒருவர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் இது புலப்படாது.

1. பெயரை அதன் மூல எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்

எழுத்து மாறும்போதெல்லாம் ஏதோ ஒன்று தொலைகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் ர-ற, ல-ள-ழ வேறுபாடும் குறில் நெடிலும் போய்விடும். மாறன் என்பது பாண்டியர் பெயர். மாரன் என்பது மன்மதன். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றே.

தமிழ் எழுத்திலும் இழப்பு உண்டு. ககரம் ஒன்றே நான்கு வடமொழி ஒலிகளுக்கும், தகரம் ஒன்றே இன்னும் நான்குக்கும் நிற்கிறது. காந்திமதியில் உள்ள காந்தி வல்லொலியில் (‘கல்’ என்பதில் வரும் க) தொடங்கும் வடசொல், ஒளி என்று பொருள். மகாத்மாவின் குடும்பப் பெயர் மெல்லொலியில் (‘தங்கம்’ என்பதில் வரும் க) தொடங்கும் குஜராத்திச் சொல். வாசனைப்பொருள், மளிகை விற்பவரைக் குறித்தது. தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே உருவம்.

பாலன் இன்னும் சிக்கலான ஆள். பாலகிருஷ்ணனில் உள்ள பால என்றால் குழந்தை. கோபாலன், தனபாலன் என்ற பெயர்களின் கடைசியில் வரும் பாலன் என்றால் காப்பவன். கோபாலன் பசுக்களைக் காப்பவன். அரசனின் குழந்தை அல்லன். முன்னால் வந்தால் பெரும்பாலும் குழந்தை, பின்னால் வந்தால் பெரும்பாலும் காவலன் என்று வைத்துக்கொண்டு, பிறகு சரிபாருங்கள்.

சரிபார்க்க எளிய வழி: அதே பெயரை மலையாளத்திலோ தெலுங்கிலோ எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். அந்த எழுத்துகளில் வல்லொலியும் மெல்லொலியும் தனித்தனியே நிற்பதால் ஐயம் உடனே தீரும்.

அரபுப் பெயர்களில் ஓர் எழுத்துப் பிசகினாலும் பொருள் முற்றிலும் மாறும். நாம் நசீர் என்று எழுதுவது அரபியில் மூன்று வெவ்வேறு பெயர்களாக இருக்கலாம்: நடுவில் ஸாத் என்ற எழுத்து இருந்தால் உதவுபவர், தால் இருந்தால் எச்சரிப்பவர், ளா இருந்தால் நிகரானவர். நெடிலும் முக்கியம். ஜமால் என்றால் அழகு, ஜமல் என்றால் ஒட்டகம். ஹகீம் ஞானி, ஹாகிம் ஆட்சியாளர். நிக்காஹ் பதிவேட்டிலோ கல்லறைக் கல்லிலோ அரபு எழுத்தில் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். பெயருக்கு உரியவரையே எழுதிக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

சீன, ஜப்பானியப் பெயர்களுக்கு ஒலியை மட்டும் வைத்துப் பொருள் சொல்லவே முடியாது. யூகி என்ற ஜப்பானியப் பெயரைப் பனி என்ற எழுத்தாலும் எழுதலாம், இன்பம் என்ற எழுத்தாலும் எழுதலாம். பெற்றோர் எந்த எழுத்தைப் பதிவு செய்தார்களோ அதுவே பொருள். எழுத்துத் தெரியாவிட்டால் தேடலை அங்கேயே நிறுத்துங்கள். ஊகித்து எழுதுவதில் பயனில்லை.

2. பெயரைக் கூறுகளாகப் பிரியுங்கள்

எந்தப் பகுதி அவருடையது, எது அப்பாவுடையது, எது ஊர், எது பட்டம் என்று பிரித்த பிறகே பொருள் தேடத் தொடங்கலாம். இல்லாவிட்டால் அப்பா பெயரின் பொருளை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்போம்.

ஆவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம் என்ற பெயரில் அவருடையது அப்துல் கலாம் மட்டும். ஜைனுலாப்தீன் தந்தை. அதற்கு முன்னால் உள்ளவை மூத்த தலைமுறைகள். இப்போது அப்துல் என்பதைத் தனிப் பெயராக எடுத்துப் பொருள் தேடினால் அடுத்த பிழை. அப்து என்றால் அடியான். உல் என்பது அரபுச் சுட்டுச்சொல். அதன்பின் வரும் சொல்லோடு சேர்ந்தால்தான் பெயர். அப்துல் ரஹ்மான் என்றால் அருளாளனின் அடியான். அப்துல் என்று மட்டும் அழைப்பது ‘இன்னாருடைய அடியான்’ என்பதில் இன்னாரை விட்டுவிடுவது போல.

அரபு மரபில் இஸ்ம் என்பது சொந்தப் பெயர். அபூ, உம்மு என்று தொடங்குவது இன்னாரின் தந்தை, தாய் என்னும் குன்யா. இப்னு, பின் வந்தால் இன்னாரின் மகன். கடைசியில் ஈகாரத்தில் முடிவது பெரும்பாலும் நிஸ்பா: ஊர், குலம், பள்ளி இவற்றோடு உள்ள தொடர்பு. தமிழ்நாட்டு ஆலிம்கள் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள்) பெயருக்குப் பின்னால் வரும் பாகவி இந்த வகை. வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் என்று காட்டுவது. அதை ஒருவரின் சொந்தப் பெயராக அகராதியில் தேடக் கூடாது.

தமிழரைப் போலக் குடும்பப் பெயர் இல்லாமல் தந்தை பெயரைச் சேர்ப்பவர்கள் உலகில் வேறு இடங்களிலும் உண்டு. எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபேபே பிகிலாவில் பிகிலா அவர் தந்தை பெயர். ஐஸ்லாந்தில் 1980இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்தீஸ் ஃபின்போகதோத்திர் என்பவர் பெயரின் பின்பகுதிக்கு ஃபின்போகியின் மகள் என்று பொருள். மலேசியத் தமிழர் அடையாள அட்டையில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையில் நிற்கும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ இரண்டும் மலாய்ச் சுருக்கங்கள்: மகன், மகள். அவற்றை முன்னெழுத்தாக எண்ணி விரிக்க முயன்றவர்கள் உண்டு.

சீனா, கொரியா, வியட்நாம், ஹங்கேரி ஆகிய இடங்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும். மா சேதுங்கில் மா குடும்பம். வியட்நாமில் அழைக்கும் பெயர் கடைசியில் நிற்பதால்தான் வோ நுயென் கியாப் என்பவர் ஜெனரல் கியாப் ஆனார். ஸ்பானிய மொழிக்காரரிடம் இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கும். வழக்கமாக முதலாவது தந்தை வழி, இரண்டாவது தாய் வழி. எழுத்தாளர் கார்சியா மார்க்கெஸை மார்க்கெஸ் என்று மட்டும் குறிப்பிடுவது அவர் அம்மா வீட்டுப் பெயரால் அழைப்பது.

ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட் பெயரில் தாண்ட் மட்டுமே பெயர். ஊ என்பது பர்மிய மரியாதைச் சொல்; நம் ஐயா போல.

3. கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தைத் தேடுங்கள்

இன்று வழங்கும் வடிவம் பெரும்பாலும் தேய்ந்தது, வெட்டப்பட்டது, அல்லது யாரோ திருத்தியது. பொருள் பழைய வடிவத்தில்தான் இருக்கும்.

சர் சி.வி. ராமனின் முழுப் பெயர் சந்திரசேகர வெங்கட ராமன். முதல் சொல் தந்தை வழி. வெங்கடமும் ராமனும் சேர்ந்ததே அவர் பெயர். ரமண மகரிஷிக்கு இளமையில் வேங்கடராமன் என்று பெயர். ஒரே பெயர் ஒருவரிடம் ராமனாகவும் இன்னொருவரிடம் ரமணராகவும் சுருங்கி நிற்கிறது. சுருங்கிய துண்டை மட்டும் அகராதியில் பார்த்தால் வேங்கட மலை காணாமல் போகும்.

சேகர் என்ற பெயரும் இப்படித்தான். சேகரம் என்றால் முடியில் அணிவது. எதை அணிந்தவர், அல்லது யாருக்கு முடியாக விளங்குபவர் என்பது வெட்டப்பட்ட பகுதியில் இருந்தது: சந்திரசேகரன், ராஜசேகரன், குலசேகரன். காதர் என்பதற்கு முன்னால் பெரும்பாலும் ஓர் அப்துல் இருந்திருக்கும்.

தேட வேண்டிய இடங்கள்: பிறப்புப் பதிவு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், கிரயப் பத்திரம், பழைய கல்யாணப் பத்திரிகை, கோயில் கட்டளைக் கல், தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு. வீட்டில் இருப்பவற்றில் பத்திரங்கள்தான் அதிகம் பயன்படும். அவற்றில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று இரண்டு மூன்று தலைமுறை ஒரே வரியில் வந்துவிடும்.

பழைய கத்தோலிக்கப் பதிவேடுகள் இலத்தீனில் இருக்கும். அங்கே ‘யோசேஃபுஸ்’ என்பவரின் மகன் என்று எழுதும்போது தந்தை பெயர் வேற்றுமை ஏற்று ‘யோசேஃபி’ ஆகிவிடும். இரண்டையும் வெவ்வேறு ஆட்களாகக் கொள்வது புதிதாகப் பதிவேடு பார்ப்பவர்கள் தவறாமல் செய்யும் பிழை.

ஆவணப் பெயரும் வீட்டுப் பெயரும் வேறாக இருந்தால் இரண்டையும் குறியுங்கள். நெல்சன் மண்டேலாவுக்கு வீட்டில் வைத்த பெயர் ரோலிஹ்லாஹ்லா. மரக்கிளையை இழுப்பவன் என்பது சொற்பொருள். பேச்சு வழக்கில் வம்புக்காரன். நெல்சன் என்பது பள்ளியில் முதல் நாள் ஆசிரியை வைத்தது.

4. மொழியைத் தீர்மானியுங்கள்

தமிழ்ப் பெயரா என்று பார்க்க முதல் சோதனை மொழிமுதல் எழுத்து. தொல்காப்பிய விதிப்படி ர, ல, ட போன்றவை தமிழ்ச்சொல்லின் முதலில் வாரா. இராமன், இலக்குவன் என்று இகரம் சேர்ந்ததே அவை வெளியிலிருந்து வந்தவை என்பதற்கு அடையாளம். ஆனால் இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் வேலை செய்யும். ரகரத்தில் தொடங்கினால் தமிழன்று எனலாம். ககரத்திலோ மகரத்திலோ தொடங்குவதால் தமிழ் என்று சொல்லிவிட முடியாது. கமலமும் மோகனும் வடசொற்கள்.

கலப்பும் சாதாரணம். ராசாத்தியில் ராசா வடமொழி வழி வந்தது, பெண்பால் விகுதி தமிழ். ஷாகுல் ஹமீதில் ஷா பாரசீகம், மீதி அரபு. கலப்பைக் கண்டால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இரண்டு மொழியையும் எழுதுங்கள்.

சமயத்தை வைத்து மொழியை முடிவு செய்வது பெரிய பிழை. முஸ்லிம் பெயர் என்றாலே அரபு என்று எண்ணுவார்கள். பர்வீன், ஃபிரோஸ், ஷிரின் பாரசீகம். இஸ்மாயில், யாகூப், யூசுப் ஆகியவற்றின் மூலம் எபிரேயம். இஸ்மாயிலை அரபு வேர்ச்சொல் அகராதியில் தேடி அலுத்துப் போவார்கள். எபிரேயத்தில் ‘இறைவன் கேட்கிறான்’ என்று தெளிவாக நிற்கிறது.

ஒலி ஒத்துப்போவதை நம்பவே வேண்டாம். நதியா என்பது ரஷ்ய நாதேஷ்தாவின் செல்லச் சுருக்கம், நம்பிக்கை என்று பொருள். முஸ்லிம் வீடானால் அரபு நாதியாவாகவும் இருக்கலாம். தாரா வடமொழியில் நட்சத்திரம். அயர்லாந்தில் பழைய அரசர்களின் குன்று. புரூஸ் லீயின் லீ சீனத்தில் பிளம் மரம். அமெரிக்கப் படைத்தலைவர் ராபர்ட் லீயின் லீ பழைய ஆங்கிலத்தில் காட்டுவெளி. நிலவில் இறங்கிய நீல் ஆம்ஸ்ட்ராங்குக்கும் நீல நிறத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இணையப் பட்டியல்களில் அனிதா என்றால் அருள் என்று சமஸ்கிருதப் பெயர்களின் கீழ் போட்டிருப்பார்கள். அருள் என்பது ஸ்பானிய அனிதாவின் பொருள். எபிரேய ஹன்னா, ஆனா ஆகி, சுருங்கி அனிதா ஆனது. ஒரு மொழியின் பொருளை எடுத்து இன்னொரு மொழியின் பெயரில் ஒட்டியிருக்கிறார்கள். இப்படி ஒட்டியவை நிறைய.

5. பெயர் வந்த வழியைக் கண்டுபிடியுங்கள்

மொழி தெரிந்தால் போதாதா என்று தோன்றும். போதாது. ஒரே பெயர் வந்த வழிக்கு ஏற்ப வேறு வேறு உருவம் எடுக்கும். உருவத்தைப் பார்த்தே யார் கொண்டு வந்தார்கள் என்று சொல்லிவிடலாம் என்பதால், குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு இந்தப் படிதான் அதிகம் கொடுக்கும்.

எபிரேய யோஹனான் என்றால் ‘யாவே அருளினார்’. கிரேக்கம், இலத்தீன் வழியாக அது போர்த்துகீசிய ஜுவாங், ஸ்பானிய ஹுவான், பிரெஞ்சு ழான், ரஷ்ய இவான், ஆங்கில ஜான் ஆயிற்று. குர்ஆனில் யஹ்யா. தமிழில் சீர்திருத்தக் கிறித்தவர்கள் யோவான் என்றார்கள். கத்தோலிக்கர் ஒலியை விட்டுவிட்டுப் பொருளை எடுத்து அருளப்பர் என்றார்கள். இலத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர். அதனால் பவுல் கத்தோலிக்கத் தமிழில் சின்னப்பர். ஒரு வீட்டில் சின்னப்பன், அருளப்பன் என்று பெயர்கள் வந்தால் தமிழ்ச் சொல்லாயிற்றே என்று விட்டுவிடாமல் பின்னால் பவுலும் யோவானும் நிற்கிறார்களா என்று பாருங்கள்.

சூசை என்பது யோசேப்பு. போர்த்துகீசிய ஜொசே வழியாக வந்ததால் அந்த உருவம். சந்தியாகு என்பது சாந்த் இயாகோ, அதாவது புனித யாகப்பர். ஐபீரிய மொழிகளில் (ஸ்பானியம், போர்த்துகீசியம்) புனிதர் என்ற அடைமொழியே பெயரோடு ஒட்டிக்கொண்டது. யாகூப், யாக்கோபு, ஜேம்ஸ், சந்தியாகு நான்கும் ஒரே பெயர். இவர்களில் இருவர் சந்தித்துக்கொண்டால் ஒருவருக்கொருவர் பெயர் ஒன்று என்று தெரியவே தெரியாது.

சவேரியார் இன்னும் சுவையானவர். முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியாரின் சவேரியார், ஸ்பெயினில் அவர் பிறந்த கோட்டையின் பெயர்; பாஸ்க் மொழியில் புதுவீடு. பிரான்சிஸ் என்றால் பிரெஞ்சுக்காரர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பிரெஞ்சுக்காரர், புதுவீட்டுக்காரர்’. வீட்டில் யாருக்கும் அந்த நினைப்பில் பெயர் வைக்கவில்லை என்பது ஏழாம் படிக்கு வேண்டிய செய்தி.

பொருள்பெயர்ப்பு சமய எல்லைக்குள் மட்டும் நடப்பதன்று. சூரியநாராயண சாஸ்திரி தன் பெயரைப் பரிதிமாற் கலைஞர் என்று மாற்றினார்: சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். வேதாசலம் மறைமலை ஆனார். மதுரையில் மீனாட்சியும் அங்கயற்கண்ணியும் ஒருவரே. இப்படி இணைப் பெயர்கள் இருக்கும் இடத்தில் எது முன்னது என்பதை ஒலியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கல்வெட்டோ பதிகமோ எதை முந்தி வழங்குகிறது என்று பார்த்த பிறகே சொல்ல வேண்டும்.

6. இப்போது அகராதியைத் திறக்கலாம்

தமிழ்ச் சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் கட்டணமில்லாமல் தேடலாம். சொல் வேறு மொழியிலிருந்து வந்திருந்தால் அதையும் குறித்திருப்பார்கள். ராமன், லட்சுமி போன்றவை கிடைக்காவிட்டால் இகரம் சேர்த்துத் தேடுங்கள். வடசொல்லுக்கு மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத அகராதி. அரபுக்கு ஹான்ஸ் வேர் அகராதி. அது அகரவரிசையில் சொற்களை வைக்காமல் வேரின் கீழ் வைத்திருப்பதால், வேர் தெரியாமல் திறந்தால் எதுவும் கிடைக்காது.

வேர் எடுக்கும் விதம்: உயிரொலிகளையும் முன்னொட்டு மகரத்தையும் நீக்கி, மூன்று மெய்களைப் பிடியுங்கள். முஹம்மது, அஹ்மது, மஹ்மூது, ஹமீது, ஹாமித் ஐந்திலும் ஹ-ம-த மிஞ்சும். அதன் பொருள் புகழ்.

ஈற்றைப் பார்த்து ஏமாறும் இடம் இது. நூருத்தீன் என்பதில் தீன் என்றால் மார்க்கம், நூர் என்றால் ஒளி. அதே பழக்கத்தில் ஜைனுலாப்தீனிலும் தீனைப் பிரிப்பார்கள். அங்கே தீன் இல்லை. ஜைன்-உல்-ஆபிதீன், வணங்குவோரின் அணிகலன். ஆபிதீன் என்பது வணங்குவோர் என்ற பன்மை.

வடசொற்களுக்குச் சந்தி தெரிய வேண்டும். அ அல்லது ஆ முன்னால் நிற்க இ, ஈ வந்தால் இரண்டும் சேர்ந்து ஏ ஆகும்; உ, ஊ வந்தால் ஓ. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு ஏராளமான பெயர்களை அவிழ்க்கலாம். ரமேஷ் என்பது ரமா + ஈசன். ரமா லட்சுமி, ஆக ரமேஷ் திருமால். உமேஷ் உமா + ஈசன், சிவன். மகேஷ் மகா + ஈசன். தினேஷ் தின + ஈசன், பகலின் தலைவன், சூரியன். புருஷோத்தமன் புருஷ + உத்தமன்.

பிரித்தபின் சேர்க்கும்போது இன்னொரு பிழை நடக்கும். பெயர்த்தொகைகள் பல அன்மொழித்தொகை, அதாவது சொற்கள் சேர்ந்து வெளியே உள்ள ஓர் ஆளைச் சுட்டுபவை. கயல்விழி என்றால் ‘மீன் கண்’ என்று எழுதக் கூடாது, கயல்போன்ற விழியுடையவள். நீலகண்டன் நீலக் கழுத்தை உடையவன். இதற்கு மாறாக, பழைய ஜெர்மானியப் பெயர்களில் இரண்டு சொற்கள் வெறுமனே பக்கத்தில் நிற்கும். தொடராகப் பொருள் தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஃபிரெடரிக் அமைதி + ஆட்சியாளர். அவற்றுக்கு அழகான வாக்கியம் கட்டாதீர்கள்.

எல்லாப் பெயருக்கும் பொருள் கிடைத்துவிடாது. அந்தோணி ஓர் உரோமைக் குலப் பெயரிலிருந்து வந்தது. அதற்கு முந்தைய பொருள் உறுதிப்படவில்லை. கிரேக்கத்தில் பூவைக் குறிக்கும் சொல்லோடு பிற்காலத்தில் தவறாக இணைத்ததால்தான் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்துக் கூடியது. மரியாவுக்கும் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. இத்தகைய பெயருக்கு ‘பொருள் உறுதியில்லை’ என்று எழுதுவதே சரியான விடை.

அண்மைக்காலக் குழந்தைப் பெயர்களுக்கு ஒரு சோதனை: எந்த அகராதியிலும் தலைச்சொல்லாக இல்லை, சந்தி பிரித்தாலும் சொல் கிடைக்கவில்லை, ஆனால் இணையத்தில் மட்டும் ‘ஒளி’, ‘வெற்றி’, ‘சிவன்’ என்று பொருள் போட்டிருக்கிறது என்றால் அது புனைந்த பெயர். அம்மா பெயரில் பாதி, அப்பா பெயரில் பாதி சேர்ந்ததாக இருக்கலாம். எண்கணிதத்துக்காக எழுத்துக் கூட்டியதாக இருக்கலாம். நட்சத்திர எழுத்துக்காகவும் இருக்கலாம். அசுவினிக்கு சு, சே, சோ, லா என்று பஞ்சாங்கம் சொன்னால் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்கியாக வேண்டும், பொருள் பிறகுதான்.

7. சொற்பொருள் வேறு, வைத்த காரணம் வேறு

இரண்டையும் எப்போதும் தனித்தனி வரியில் எழுதுங்கள். ஒன்றாகக் குழப்பினால் பெயர் வைத்தவர்களை அவமதிப்பதில் முடியும்.

குப்பன், குப்பம்மாள் என்ற பெயர்களின் சொற்பொருள் குப்பை. முன்பு பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், இந்தப் பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்து வைத்த பெயர் அது. எமனுக்கும் கண்ணேறுக்கும் இது வேண்டாத பொருள் என்று காட்டும் தந்திரம். மங்கோலியாவில் நெர்குய் என்றால் ‘பெயரில்லை’, எனெபிஷ் என்றால் ‘இது அல்ல’. துருக்கியில் துர்சுன் என்றால் ‘தங்கட்டும்’. நோக்கம் ஒன்றே. துருக்கியில் யெத்தேர் என்ற பெண் பெயருக்குப் ‘போதும்’ என்று பொருள். நம் போதும்பொண்ணுக்கு அது அசல் உறவு.

சில பெயர்களில் பிறந்த நேரமே காரணம். கானாவின் அக்கான் மக்களிடம் கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்தவன், குவாமே என்றால் சனிக்கிழமை பிறந்தவன். கோஃபி அன்னானின் அன்னான், நான்காம் பிள்ளை. யொரூபா பாபாதுண்டே, ‘அப்பா திரும்பி வந்தார்’. தாத்தா இறந்தபின் பிறந்த பேரனுக்கு வைப்பது.

இன்னும் சிலவற்றில் பெயர் ஓர் ஆளைச் சுட்டும். சொல் எதுவாக இருந்தாலும் ஒன்றே. ஸ்டாலின் என்ற பெயரின் அடியில் எஃகு என்ற ரஷ்யச் சொல் இருக்கிறது. 1953 மார்ச் 1 அன்று பிறந்த மு.க. ஸ்டாலினுக்கு அந்தப் பெயர் வந்தது, மார்ச் 5 அன்று மறைந்த சோவியத் தலைவரின் நினைவாக. எஃகு அங்கே இரண்டாம் பட்சம். ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி என்ற பெயர்களும் அப்படியே: உடல்நலத்தைத் தேடாமல் வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவைத் தேடுங்கள். நாகூர் மீரான், நாகூர் கனி என்று ஊர் முன்னால் வந்தால் நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டார்களா என்று கேளுங்கள்.

காரணத்தைப் புத்தகத்தில் தேட முடியாது. வீட்டில் கேட்க வேண்டும். அப்பாவைக் கேட்பதைவிட அப்பத்தாவையோ பெரிய அத்தையையோ கேட்பது பலன் தரும். ‘பெயருக்கு என்ன அர்த்தம்’ என்று கேட்காமல், ‘இந்தப் பெயரை யார் சொன்னாங்க, அப்போ வீட்ல என்ன நடந்துச்சு’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எங்கோ படித்த பொருள் வரும். இரண்டாவதற்கு உண்மைக் காரணம் வரும்.

8. எழுதி வைக்கும் முறை

ஒரு பெயருக்கு ஆறு வரி போதும்: மூல எழுத்து வடிவம், கூறுகள், மொழி, வந்த வழி, சொற்பொருள், வைத்த காரணம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘ஆவணம்’, ‘வீட்டார் சொன்னது’, ‘ஊகம்’ மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். இந்தக் குறி இல்லாவிட்டால் இன்றைய ஊகம் பத்து வருடத்தில் குடும்ப வரலாறாகிவிடும்.

மைதீன் பிச்சை என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். தென் தமிழ்நாட்டு முஸ்லிம்களிடம் கேள்விப்படக்கூடிய பெயர்.

மூல வடிவம்: முஹ்யித்தீன் என்ற அரபுச் சொல்லும் பிச்சை என்ற தமிழ் வழக்கும்.

கூறுகள்: இரண்டும் சேர்ந்து ஒரே பெயர். மைதீன் தந்தை பெயர் அன்று. ஆனால் பழைய பத்திரத்தில் ‘மைதீன் குமாரர் பிச்சை’ என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே இந்த வரியை உறுதி செய்ய வேண்டும்.

மொழி: அரபு + தமிழ். பிச்சை வடமொழி பிக்ஷாவின் தமிழ் உருவம் என்பதால் உள்ளே மூன்று மொழிகள் இருக்கின்றன.

வந்த வழி: முஹ்யித்தீன் என்பது பக்தாதில் அடங்கிய இறைநேசர் அப்துல் காதிர் ஜீலானியின் சிறப்புப் பெயர்; மைதீன் ஆண்டகை என்பதும் அவரையே. பேச்சில் முகைதீன், மைதீன் ஆயிற்று.

சொற்பொருள்: முஹ்யித்தீன், மார்க்கத்தை உயிர்ப்பித்தவர். பிச்சை, இரந்து பெற்றது.

வைத்த காரணம்: இங்கேதான் கவனம் வேண்டும். மைதீன் ஆண்டகையிடம் வேண்டிப் பெற்ற பிள்ளை என்பது ஒரு வாசிப்பு. குப்பனைப் போல, பிள்ளை தங்க வேண்டுமென்று தாழ்த்தி வைத்த பெயர் என்பது இன்னொன்று. இரண்டு வழக்கமும் தமிழ்நாட்டில் உண்டு. சமயம் தாண்டியும் உண்டு. மரிய பிச்சை என்று கிறித்தவர்களிடமும் கேட்கலாம். எது என்று அந்த வீட்டுப் பெரியவர் சொல்லும்வரை இந்த வரியின் பக்கத்தில் ‘ஊகம்’ என்றே இருக்கட்டும்.